சப்டைட்டிலில் வெக்டர் வடிவம் உடையும்போது: திருத்துவதா, வேறு வழிக்கு மாறுவதா, படத்திலேயே பதிப்பதா?

காணொளியில் தெரியும் ஒரு பெயர்ப்பலகையை மறைத்து அதன் மேல் மொழிபெயர்ப்பை எழுதுவதற்கும், வசனத்துக்குப் பின்னால் வளைந்த பட்டை ஒன்றை வைப்பதற்கும், சின்னம் ஒன்றைத் திரையின் மூலையில் காட்டுவதற்கும் ஏஎஸ்எஸ் என்ற சப்டைட்டில் கோப்புமுறையில் தனி வசதி உண்டு. சப்டைட்டில் வரிக்குள்ளேயே புள்ளிகளையும் கோடுகளையும் பெஸியர் வளைவுகளையும் எண்களாக எழுதினால், பிளேயரில் இருக்கும் ரெண்டரர் என்ற வரையும் நிரல் அவற்றை நிறம் நிரப்பிய வெக்டர் வடிவமாக வரைந்து காட்டும். எடிட்டரில் கச்சிதமாகத் தெரிந்த அதே வடிவம் பார்வையாளரின் திரையில் நடுவே மயிரிழைக் கோட்டுடன் தெரிவதும், எழுத்தின் உள்ளே இருக்க வேண்டிய துளை அடைபட்டுப்போவதும், மறைக்க வேண்டிய பலகையைவிட்டு ஒரு பிக்சல் விலகி நிற்பதும் இந்த வேலை செய்பவர்களுக்குப் பழக்கமானவை.

அப்படி நேரும்போது ஐந்து வழிகள் இருக்கின்றன. வடிவத்தை எல்லா ரெண்டரருக்கும் பொருந்தும்படி திருத்தி எழுதலாம். ஒரே ரெண்டரரை மட்டும் இலக்காக அறிவித்துவிடலாம். வடிவத்தை எழுத்துருவாக மாற்றிக் கோப்போடு இணைக்கலாம். சப்டைட்டில் முழுவதையும் படவடிவச் சப்டைட்டிலாக மாற்றலாம். கடைசியாக, வடிவத்தைக் காணொளியிலேயே பதித்துவிடலாம். இவற்றுள் முதல் வழியை முழுதாக முயன்று பார்க்காமல் ஐந்தாவதற்குத் தாவுவதே பரவலாகக் காணும் பழக்கம். அது பெரும்பாலும் தேவையற்றது என்பது என் கருத்து. முதல் வழியில் செலவாவது வேலை நேரம் மட்டும். மற்ற நான்கிலும், பார்வையாளர் வட்டமோ, உரையாக இருக்கும் தன்மையோ, பிற்பாடு திருத்தும் உரிமையோ ஏதாவது ஒன்று கையைவிட்டுப் போகிறது.

கோளாறு பிறக்கும் இடம்

எந்த வழி என்பதை முடிவு செய்வதற்கு முன் கோளாறு எந்த அடுக்கில் பிறக்கிறது என்று பார்த்தாக வேண்டும். அதற்கு இரண்டு சோதனைகள் போதும்.

முதலாவது, எம்பிவி பிளேயரில் கோப்பைத் திறந்து, சன்னலின் அளவை மெதுவாக மாற்றிப் பார்ப்பது. எம்பிவி இயல்புநிலையில் சப்டைட்டிலைக் காணொளியின் பிக்சல் அளவில் வரைவதில்லை. திரையில் படம் எந்த அளவில் தெரிகிறதோ அந்த அளவில் வரைகிறது. ஆகவே சன்னல் சுருங்கி விரியும்போது ஒரு கோடு தோன்றித் தோன்றி மறைந்தால், அந்தக் கோளாறு அளவு மாற்றத்தில் பிறந்தது, வடிவத்தின் புள்ளிகள் பிக்சல் எல்லையில் விழாததால் வந்தது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்த அளவிலும் அசையாமல் நிற்கும் கோளாறு வடிவத்தின் கட்டமைப்பிலேயே இருக்கிறது.

இரண்டாவது, ரெண்டரரை மாற்றிப் பார்ப்பது. ஏஜிசப் எடிட்டரின் அமைப்புகளில் முன்னோட்டத்துக்கு எந்த ரெண்டரர் என்பதைத் தேர்ந்தெடுக்க முடியும். விண்டோஸில் லிப்ஏஎஸ்எஸ், விஎஸ்ஃபில்டர் குடும்பம் ஆகிய இரண்டு வகை ரெண்டரர்களையும் மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இரண்டிலும் ஒரே மாதிரி தவறு தெரிந்தால் குற்றம் வடிவத்தினுடையது. ஒன்றில் மட்டும் தெரிந்தால், அது அந்த இரண்டு நிரல்களுக்கும் இடையிலான வேறுபாடு. இதில் ஒரு எச்சரிக்கை வேண்டும்: ஏஜிசப் முன்னோட்டம் சப்டைட்டிலைக் காணொளியின் அளவிலேயே காட்டுகிறது. ஆகவே அங்கே சுத்தமாகத் தெரிந்த வடிவம், அதைவிடப் பெரிய திரையில் எம்பிவி வரையும்போதும் அப்படியே தெரியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வடிவத்தைத் திருத்தி எழுதுவது

அடிக்கடி புகாருக்கு ஆளாவது மயிரிழைக் கோடு. இரண்டு வடிவங்கள் ஒரே எல்லையில் ஒட்டி நிற்கின்றன. கணக்குப்படி அவற்றுக்கு இடையே இடைவெளியே இல்லை. ஆனாலும் பின்னணி ஒரு நூலிழையாகத் தெரிகிறது. காரணம் விளிம்பு மென்மையாக்கல், அதாவது விளிம்பில் உள்ள பிக்சலில் வடிவம் எவ்வளவு பங்கை மறைக்கிறதோ அந்த அளவுக்கு மட்டும் நிறம் பூசுவது. பொது எல்லை ஒரு பிக்சலின் நட்டநடுவே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வடிவம் அந்தப் பிக்சலில் 50 சதவீதத்தை மறைக்கிறது. மிச்சம் 50 சதவீதம் பின்னணி. இரண்டாவது வடிவம் வரும்போது, மிச்சமிருப்பது எந்தப் பாதி என்பது ரெண்டரருக்குத் தெரியாது. அது ஏற்கெனவே கலந்த நிறத்தின் மேல் மீண்டும் 50 சதவீதம் பூசுகிறது. முடிவில் 25 சதவீதம் பின்னணி எஞ்சிவிடுகிறது. கறுப்புப் பின்னணியின் மேல் இரண்டு வெள்ளை வடிவங்கள் என்றால் அந்தக் கால்பங்கு கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

இந்தக் கணக்கு எந்த ரெண்டரரிலும் இதே விதமாகத்தான் நடக்கும் என்பதால், பிளேயரை மாற்றுவதால் இது தீராது. தீர்க்கும் வழிகள் மூன்று. இரண்டு வடிவங்களும் ஒரே நிறம் என்றால் அவற்றை ஒரே வரியில், ஒரே வரைபடத்தின் இரண்டு சுற்றுக்கோடுகளாக எழுதிவிடலாம். மறைப்பளவு ஒரே முறை கணக்கிடப்படுவதால் கோடு மறைந்துவிடும். நிறங்கள் வேறு என்றால், கீழ் அடுக்கில் இருப்பதை மேல் அடுக்கின் அடியில் ஓரிரு பிக்சல் நீட்டிவிட வேண்டும். மூன்றாவது, எல்லையைப் பிக்சல் எல்லையிலேயே வைப்பது; அது நேர்க்கோட்டு எல்லைகளுக்கு மட்டும் பயன்படும், அதுவும் அளவு மாறாத வரையில்தான்.

இந்த மூன்றும் கைகொடுக்காத ஓர் இடம் உண்டு: மேலே இருக்கும் வடிவம் பாதி ஊடுருவித் தெரிவதாக இருந்தால், அடியில் நீட்டிய பகுதி கரும்பட்டையாகத் தெரியும். நீட்டாவிட்டால் மயிரிழை. நிறம் படிப்படியாக மாறுவதைப் பல மெல்லிய பட்டைகளாக வெட்டிச் செய்யும்போது இந்தச் சங்கடம் பட்டைக்குப் பட்டை பெருகும். ஏஎஸ்எஸ் கோப்புமுறையில் ஒரு வடிவத்துக்குள் நிறமாற்றம் தருவதற்கு நேரடி வழி கிடையாது என்பதால், ஊடுருவலும் நிறமாற்றமும் ஒன்றாக வேண்டும் என்று கேட்கும் வடிவம்தான் முதல் வழியின் உண்மையான எல்லை.

அடுத்தது அளவுப் பொருத்தம். கோப்பின் தலைப்பகுதியில் பிளேரெஸ்எக்ஸ், பிளேரெஸ்ஒய் என்று இரண்டு எண்கள் இருக்கும். வடிவத்தின் எல்லாப் புள்ளிகளும் அந்தக் கற்பனைத் திரையின் அளவில்தான் எழுதப்படுகின்றன. அவை எழுதப்படாமலே விட்டால் 384×288 என்று கொள்ளப்படும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1280×720 என்று எழுதிய கோப்பை 1920×1080 திரையில் காட்டும்போது எல்லா எண்களும் 1.5 மடங்காகின்றன. 100 என்ற புள்ளி 150-இல் விழுகிறது. 101 என்ற புள்ளி 151.5-இல், அதாவது பிக்சலின் நடுவில் விழுகிறது. அதே கோப்பு 2160 வரித் திரையில் மூன்று மடங்காவதால் எந்தச் சிக்கலும் எழாது. 1080-இல் எழுதியது 2160-இல் இரு மடங்கு. ஆனால் 1440-இல் நான்கில் மூன்று பங்கின் தலைகீழ், அதாவது 4/3 மடங்கு. “என் திரையில் சரியாக இருக்கிறது, அவர் திரையில் மட்டும் கோடு விழுகிறது” என்ற புகார்களில் பெரும்பகுதிக்கு இந்தப் பெருக்கல் வாய்பாடே விளக்கம். கோப்பின் அளவைக் காணொளியின் அளவுக்குச் சமமாக வைப்பது இதை முற்றிலும் நீக்காது. விஎஸ்ஃபில்டர் போலக் காணொளியின் அளவிலேயே வரையும் ரெண்டரர்களில் நீக்கும், மற்றவற்றில் குறைக்கும்.

வளைவுகளின் நெளிவு வேறொரு கதை. பழைய விஎஸ்ஃபில்டர் வரைபடப் புள்ளிகளை முழு எண்களாகவே படித்தது. தசம எண்கள் இன்றைய ரெண்டரர்களில் செல்லுபடியானாலும், எல்லா இடத்திலும் ஓட வேண்டிய கோப்பில் முழு எண்களே பாதுகாப்பு. முழு எண்களிலேயே நுட்பம் பெறுவதற்குத்தான், வரிக்குள் வரைபடத்தைத் தொடங்கிவைக்கும் கட்டளையான பி குறிச்சொல்லின் எண் இருக்கிறது. பி1 என்றால் எண்கள் அப்படியே. பி2 என்றால் பாதி. பி4 என்றால் எட்டில் ஒரு பங்கு. நான்கு பெஸியர் வளைவுகளால் ஒரு வட்டம் வரைவதற்கு, வளைவின் போக்கை நிர்ணயிக்கும் கட்டுப்பாட்டுப் புள்ளியை ஆரத்தின் ஏறக்குறைய 0.5523 பங்கு தூரத்தில் வைக்க வேண்டும். ஆரம் 10 என்று பி1-இல் எழுதினால் அந்தத் தூரம் 5.5, முழு எண்ணாக்கினால் 5 அல்லது 6, இரண்டுமே கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு பிழை. அந்தச் சிறு வட்டத்தை அளவு விகிதத்தால் பத்து மடங்கு பெரிதாக்கினால் பிழையும் பத்து மடங்காகி, வட்டம் முனை மழுங்கிய சதுரம் போலவோ வைரம் போலவோ தெரியும். அதே 100 பிக்சல் ஆரத்தைப் பி4-இல் 800 என்று எழுதினால் தூரம் 441.8, 442 என்று எழுதும்போது பிழை கண்ணுக்கு எட்டாது. சிறிதாக வரைந்து பெரிதாக்குவதைவிட, பெரிதாக எழுதிச் சிறிதாகக் காட்டுவதே எப்போதும் மேல்.

துளை அடைபடும் கோளாறு பெரும்பாலும் வெக்டர் வரைபட மென்பொருளிலிருந்து இறக்குமதி செய்த வடிவங்களில் வருகிறது. அத்தகைய மென்பொருள் சேமிக்கும் எஸ்விஜி கோப்புகளில் நிறம் நிரப்பும் விதி இரண்டு வகை. ஒன்றில், எத்தனை கோடுகளைக் கடந்தோம் என்பதன் ஒற்றை இரட்டையைப் பார்த்துத் துளை முடிவாகும். மற்றொன்றில், சுற்றுக்கோடு எந்தத் திசையில் சுற்றுகிறது என்பது கணக்கில் சேரும். விஎஸ்ஃபில்டரும் லிப்ஏஎஸ்எஸும் இரண்டாவது வகையில் நடப்பவை. முதல் விதியை நம்பி வரைந்த வடிவத்தில் உள் வட்டமும் வெளி வட்டமும் ஒரே திசையில் சுற்றியிருந்தால், சப்டைட்டிலில் துளை இருக்காது. உள் சுற்றுக்கோட்டின் திசையைத் திருப்பிவிட்டால் தீர்ந்தது. இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளில் ஒரே கட்டளையில் முடியும் இதற்காக ரெண்டரரைக் குறை சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதே இறக்குமதியில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, எஸ்விஜியில் வெறும் கோடாக இருப்பவை. ஏஎஸ்எஸ் வரைபடம் நிரப்பப்பட்ட பரப்பை மட்டுமே அறியும்; ஆகவே தடிமன் கொண்ட கோட்டை முதலில் பரப்பாக மாற்றிக்கொண்ட பிறகே ஏற்றுமதி செய்ய வேண்டும்.

விலகி நிற்கும் வடிவத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஸ்டைலில், அதாவது வரிகளுக்குப் பொதுவாக எழுதிவைக்கும் தோற்ற விவரத்தில், ஒளிந்திருக்கும் அமைப்புகள். வசனத்துக்காக வைத்த ஓரக்கோடு, நிழல், அளவு விகிதம் ஆகிய மூன்றும் வடிவத்துக்கும் அப்படியே பொருந்தும். வடிவங்களுக்கென்று ஓரமும் நிழலும் சுழியமாக, விகிதம் 100 ஆக, இடது மேல் மூலையைக் குறிக்கும் ஏஎன்7 ஒழுங்கமைப்புடன் ஒரு தனி ஸ்டைல் வைத்துக்கொண்டு, இருப்பிடத்தை வெளிப்படையாக எழுதுவதே முறை. நடு ஒழுங்கமைப்பில் இருப்பிடம் வடிவத்தின் எல்லைப் பெட்டியைச் சார்ந்திருக்கிறது. ஒரு புள்ளியைத் திருத்தினால்கூட முழு வடிவமும் நகர்ந்துவிடும்.

சாய்வும் மங்கலும் இதைவிடச் சிக்கலானவை. முப்பரிமாணச் சுழற்சிக் குறிச்சொற்களும் பிளர் குறிச்சொல்லும் விஎஸ்ஃபில்டரில் காணொளியின் பிக்சல் அளவைச் சார்ந்து நடந்துகொள்கின்றன. அதே சப்டைட்டிலை 720 பதிப்பிலும் 1080 பதிப்பிலும் போட்டால் சாய்வும் மங்கலும் வேறுபடும். பழைய கோப்புகள் இந்த நடத்தையை நம்பி எழுதப்பட்டுவிட்டதால் மற்ற ரெண்டரர்களும் அதையே பின்பற்ற வேண்டியதாயிற்று. லேஅவுட்ரெஸ் என்ற தலைப்பகுதி வரிகள் இதைக் கட்டுப்படுத்த வந்தவை. புதிய லிப்ஏஎஸ்எஸ் பதிப்புகளும், விஎஸ்ஃபில்டர் குடும்பத்தைச் சேர்ந்த எக்ஸ்ஒய்சப்ஃபில்டரும் அவற்றைப் புரிந்துகொள்ளும். ஆனால் எழுத்துக்கு இல்லாத ஒரு சலுகை வடிவத்துக்கு உண்டு. சுழற்சியையும் சாய்வையும் குறிச்சொல்லாக விடாமல், சுழன்ற பிறகு புள்ளிகள் எங்கே வரும் என்று கணக்கிட்டு அந்த எண்களையே எழுதிவிடலாம். அதன் பிறகு எந்த ரெண்டரரும் எந்த முப்பரிமாணக் கணக்கும் போட வேண்டியதில்லை. ஏஜிசப்பின் தானியக்க நிரல்களால் இதைச் செய்ய முடியும் என்பதால், அசையாத பலகைகளுக்குச் சுழற்சிக் குறிச்சொல்லே தேவையில்லை என்பேன்.

வடிவத்தின் நிறம் பலகையின் நிறத்தோடு ஒட்டாமல் போவது வரைதல் கோளாறே அல்ல. பிடி.601, பிடி.709 என்ற இரண்டு நிற மாற்று அணிகளில் (நிற எண்களை மாற்றும் வாய்பாடுகளில்) கோப்பு எதை நம்பி எழுதப்பட்டது என்பதில் பிளேயர் குழம்பும்போது அது நேர்கிறது. தலைப்பகுதியில் ஒய்சிபிசிஆர் மேட்ரிக்ஸ் வரியைச் சரியாக எழுதுவதே மருந்து. வரி மாறும் இடத்தில் ஒரு ஃபிரேம் மின்னி மறைவதும் அப்படியே. ஏஎஸ்எஸ் நேரம் நொடியின் நூறில் ஒரு பங்கு வரைதான் நுட்பம் கொண்டது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் காணொளியில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிநொடிதான். ஃபிரேம் எல்லையில் ஒட்டாத நேரம் ஒரு ஃபிரேமை விழுங்கிவிடும்.

ஒரே ரெண்டரரை இலக்காக வைப்பது

இந்த வழி இன்று முன்பைவிட நியாயமாகிவிட்டது. எம்பிவி, விஎல்சி, கோடி ஆகிய பிளேயர்களும், காணொளிகளை மாற்றியமைக்கும் எஃப்எஃப்எம்பெக் கருவியும், வலை உலாவிக்கெனத் தொகுக்கப்பட்ட பதிப்புகளும் லிப்ஏஎஸ்எஸையே பயன்படுத்துகின்றன. விஎஸ்ஃபில்டர் குடும்பம் விண்டோஸில் காணொளியை இயக்கும் டைரக்ட்ஷோ அமைப்போடு கட்டுண்டது. லிப்ஏஎஸ்எஸ் விஎஸ்ஃபில்டரின் நடத்தையையே அளவுகோலாகக் கொண்டு எழுதப்படுவதால், இரண்டுக்கும் இடையே எஞ்சியிருக்கும் வேறுபாடுகள் பெரும்பாலும் நுண்ணியவை. விஎஸ்ஃபில்டர் ஒரு பிக்சலை 8×8 ஆகப் பிரித்து எண்ணுகிறது, ஆகவே விளிம்பின் மறைப்பளவுக்கு 65 படிகளே கிடைக்கின்றன. லிப்ஏஎஸ்எஸ் அதைவிட நுண்ணிய படிகளில் கணக்கிடுகிறது. பெரிய மென்மையான வளைவுகளில் இந்த வேறுபாடு கூர்ந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்.

இதனால் கிடைக்கும் ஆதாயம், சோதனை வேலை பாதியாகக் குறைவது. தசமப் புள்ளிகளைத் தயங்காமல் எழுதலாம். தலைப்பகுதியின் புதிய வரிகளை நம்பலாம். இழப்பு, பழைய பிளேயரையும் தொலைக்காட்சிப் பெட்டிகளின் உள்ளமைந்த பிளேயரையும் பயன்படுத்துபவர்களைக் கைவிடுவது. தொலைக்காட்சிப் பெட்டிகளைப் பொறுத்தவரை அந்த இழப்பு பெரிதல்ல, ஏனென்றால் அவற்றில் பல வரைபடக் குறிச்சொல்லையே மதிப்பதில்லை. ஏஎஸ்எஸ் கோப்பை வெறும் உரையாக மாற்றிக் காட்டும் சில எளிய நிரல்களில் வடிவத்தின் எண்கள் வரிசை வரிசையாகத் திரையில் எழுத்தாகவே ஓடும். அந்தப் பார்வையாளரை வடிவத்தை எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் காப்பாற்ற முடியாது. எஸ்ஆர்டி, வெப்விடிடி போன்ற எளிய சப்டைட்டில் கோப்புமுறைகளில் வரைபடம் என்பதற்கே இடமில்லை.

ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. ஒரே ரெண்டரர் என்றாலும் ஒரே திரை அளவு அல்ல. மயிரிழையும் அளவுப் பெருக்கமும் இந்த வழியிலும் அப்படியே தொடரும். முதல் வழியின் ஒழுக்கங்களில் பாதியையேனும் கைக்கொள்ளாமல் இந்த வழிக்கு வந்தவருக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

எழுத்துருவாக மாற்றுவது

ஒரே சின்னம் தொடர் முழுவதும் பலமுறை வருகிறது, அல்லது ஃபிரேமுக்கு ஒரு வரியாக நகர்கிறது என்றால், ஒவ்வொரு வரியிலும் நூற்றுக்கணக்கான எண்களைத் திரும்பத் திரும்ப எழுதுவதற்குப் பதிலாக, அந்த வடிவத்தை ஓர் எழுத்துருவின் ஒற்றைக் குறியாகச் செய்துவிடலாம். கோப்பு சிறுக்கும், தசமம், முழு எண் என்ற தகராறு மறையும், எழுத்துருவின் கட்டம் பொதுவாக 1000 அல்லது 2048 அலகுகள் கொண்டது என்பதால் வளைவுகளும் நன்றாக அமையும்.

ஆனால் இந்த வழியில் ஒரு கண்ணி இருக்கிறது. ஏஎஸ்எஸ் எழுத்தளவு, மற்ற மென்பொருளில் போல எழுத்துருவின் அடிப்படைக் கட்டத்தைக் குறிப்பதில்லை. எழுத்துருக் கோப்பில் விண்டோஸுக்கென எழுதப்பட்ட மேல் உயரம், கீழ் ஆழம் இரண்டின் கூட்டுத்தொகையைக் குறிக்கிறது. அந்த இரண்டு எண்களையும் தன்னிச்சையாக விட்ட எழுத்துருவில், வடிவம் எதிர்பார்த்த அளவில் வராது. எழுத்துருத் தொகுப்பியைப் புதுப்பித்து மறுபடி ஏற்றுமதி செய்தால் அளவு மாறவும் கூடும். கூட்டுத்தொகை 1000 அல்லது 2048 என்று கட்டத்துக்குச் சமமாக வைத்துவிட்டால் கணக்கு எளிதாகும்.

மற்றொன்று, எழுத்துரு கோப்போடு பயணிக்க வேண்டும். மட்ரோஸ்கா (எம்கேவி) காணொளிக் கோப்பில் அதை இணைப்பாக வைக்கலாம். எம்பி4 கோப்பில் ஏஎஸ்எஸையே வைக்க ஏற்கப்பட்ட முறை இல்லை, எழுத்துருவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எழுத்துரு கிடைக்காத இடத்தில் வேறோர் எழுத்துருவின் குறி அந்த இடத்தில் பூதாகரமாகத் தோன்றும். ஆகவே வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் வைக்காமல், யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் வைப்பது நல்லது. அப்போது தவறினாலும் வெற்றிடமோ சிறு பெட்டியோதான் தெரியும். திரும்பத் திரும்ப வரும் ஒற்றை நிறச் சின்னத்துக்கு இது முதல் தரமான வழி. ஒருமுறை மட்டும் வரும் பலகைக்கு இது வீண் வேலை.

படவடிவச் சப்டைட்டில்

புளூ-ரே வட்டுகளில் வரும் பிஜிஎஸ் முறையில் சப்டைட்டில் முழுவதும் படமாக முன்பே வரையப்பட்டுவிடுகிறது. பார்வையாளரின் பிளேயர் அதை ஒட்டி மட்டும் வைக்கிறது. ரெண்டரர் வேறுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு நிறப்பட்டியலில் 256 இடங்கள், ஒரே நேரத்தில் திரையில் அதிகபட்சம் இரண்டு படப் பொருள்கள் என்ற வரம்புகள் நிலையான பலகைகளுக்குப் போதுமானவை. நகரும் வடிவங்களுக்குப் போதாதவை. உரை படமாகிவிட்டதால் தேடவோ எழுத்தளவை மாற்றவோ முடியாது. வட்டு வெளியிடுபவருக்கு இது தெரிவல்ல, கட்டாயம். மற்றவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

காணொளியிலேயே பதிப்பது

எஃப்எஃப்எம்பெக்கின் சப்டைட்டில் வடிகட்டி லிப்ஏஎஸ்எஸ் கொண்டு வடிவங்களைக் காணொளியின் அளவில் ஒருமுறை வரைந்து ஃபிரேமோடு கலந்துவிடுகிறது. அதன் பிறகு அளவு மாறும்போது மறைப்பு வடிவமும் அதன் பின்னால் இருக்கும் பலகையும் ஒன்றாகவே பெரிதாகின்றன. சப்டைட்டிலாக இருந்தபோது படம் சற்று மங்கலாகவும் வடிவத்தின் விளிம்பு மட்டும் கத்தி போலவும் தெரிந்த முரண் இங்கே இல்லை. நகரும் கேமராவுக்கு முன் ஃபிரேம் ஃபிரேமாக நகரும் மறைப்பு வடிவங்களுக்கு, குறிப்பாக முன்னே சொன்ன ஊடுருவலும் நிறமாற்றமும் சேர்ந்த வடிவங்களுக்கு, இதற்கு நிகரான வழி இல்லை. மெலிந்த கணினிகளில் நூற்றுக்கணக்கான மங்கல் வடிவங்களால் படம் திக்கித் திக்கி ஓடும் தொல்லையும் ஒழிகிறது.

விலை என்ன என்பதையும் முழுதாகப் பார்க்க வேண்டும். பரவலாக வெளியாகும் காணொளிகளில் நிறத் தகவல் 4:2:0 முறையில், அகலத்திலும் உயரத்திலும் பாதி நுட்பத்தில்தான் சேமிக்கப்படுகிறது. சப்டைட்டிலாக வரைந்தபோது கூர்மையாக இருந்த ஒரு பிக்சல் சிவப்புக் கோடு, பதித்த பிறகு சாயம் கசிந்தது போல மங்கும். மென்மையான நிறமாற்றம் 8 பிட் காணொளியில் படிக்கட்டாகத் தெரியலாம். மறுகுறியாக்கத்தால், அதாவது காணொளியை மறுபடி சுருக்கிச் சேமிப்பதால், படத்தின் தரமும் ஓரளவு குறையும். மூலப்பிரதி கையில் இல்லாதவருக்கு இந்தக் குறைவைத் தவிர்க்க வழியில்லை. ஒரு பலகையில் எழுத்துப்பிழை என்றால் சப்டைட்டிலில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். இங்கே அந்தப் பகுதியையாவது மறுபடி குறியாக்க வேண்டும். மூன்று மொழிகளில் வெளியிடுபவர் மூன்று காணொளிகளைச் சுமக்க வேண்டும்.

இந்தக் கடைசிச் சுமைக்கு ஓர் இடைவழி சொல்லப்படுவதுண்டு. பலகையை அழிக்கும் மறைப்பு வடிவம் எல்லா மொழிக்கும் பொது. ஆகவே அதை மட்டும் படத்தில் பதித்துவிட்டு, அதன் மேல் வரும் எழுத்தைச் சப்டைட்டிலாகவே விட்டுவிடலாம் என்பது அந்த யோசனை. கடினமான வரைதல் படத்துக்குள் போய்விடுகிறது, எழுத்து திருத்தக்கூடியதாகவே இருக்கிறது, காணொளியும் ஒன்றே. கேட்பதற்கு எல்லாம் பொருந்தி வருகிறது. ஆனால் சப்டைட்டிலை அணைத்துவிட்டுப் பார்க்கும் பார்வையாளருக்கு எழுத்தே இல்லாத வெற்றுப் பலகை தெரியும்; மூல மொழி அறிந்தவருக்கு அது ஒரு காட்சியைப் பறித்ததற்குச் சமம். எழுத்து சப்டைட்டிலாக இருப்பதால் முன்னோட்டத்தில் ஒட்டி நின்றது, நகரும் பலகையில் கால் பிக்சல் விலகி நடுங்குவதும் உண்டு. ஆகவே அசையாத பலகைகள், அணைக்க முடியாத கட்டாயச் சப்டைட்டில் தடம், தொடாத மூலக் காணொளி தனியே கிடைப்பது என்ற மூன்றும் அமைந்த வெளியீட்டுக்கே இந்த இடைவழி பொருந்தும்.

முழுக் கோப்புக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரு மணி நேரக் காணொளியில் நூறு பலகைகள் இருந்தால், திருத்தி எழுதியும் தீராதவை சிலவாகத்தான் இருக்கும். அந்தச் சிலவற்றுக்காக மற்ற எல்லாவற்றையும் பதிப்பது நியாயமில்லை; அவை வரும் காட்சிகளை மட்டும் முதன்மை ஃபிரேம் (முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃபிரேம்) எல்லைகளில் வெட்டி, அதே அமைப்புகளில் பதித்துக் குறியாக்கி, மீண்டும் ஒட்டிவிடலாம். ஒட்டிய இடங்களில் படம் தடுமாறுகிறதா என்று பிளேயரில் முன்னும் பின்னும் தாவிச் சோதித்துவிட்டு, அந்த வரிகளைச் சப்டைட்டில் கோப்பிலிருந்து நீக்கிவிடாமல் திரையில் தெரியாத கருத்துரை வரிகளாக மாற்றி வைத்துக்கொண்டால், நாளை வேறு மொழிக்கு அதே வடிவங்கள் தேவைப்படும்போது புள்ளிகளை மறுபடி வரைய வேண்டியிருக்காது.